அவுரி இலைக்கு விலை நிறத்தை வைத்தா, மருந்துச் சத்தை வைத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரத்தை ஒட்டிய மானாவாரி நிலத்தில் அவுரி போடும் குடும்பம் எங்களுடையது. சித்த வைத்தியர்கள் நிலவாகை என்றும் ஏற்றுமதிக்காரர்கள் சென்னா என்றும் சொல்வது இதைத்தான். ஐப்பசி மழை ஓரளவு பெய்தால் போதும், ஆடு மாடு கடிக்காது, வறட்சியையும் தாங்கும். எங்கள் பக்கம் இப்படி நம்பிப் போடக்கூடிய பயிர் வேறு அதிகம் இல்லை. கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். அந்தப் படிப்பால்தான் இந்தக் கடிதம்.

இலையை நிழலில் உலர்த்தி, காம்பும் தூசியும் நீக்கி, சாக்கில் கட்டிக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பார்கள். பச்சை நின்றிருந்தால் ஒரு விலை, பழுத்திருந்தால் ஒரு விலை. “கலர் இல்லையேம்மா” என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அதே இலை தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறும்போது, வாங்குகிறவர் கேட்பது மலத்தை இளக்கும் சத்தான சென்னோசைடு எத்தனை சதவீதம் என்றுதான். காய்ந்த இலை 100 கிலோவில் இந்த வகைச் சத்து இரண்டு, இரண்டரை கிலோவாவது இருக்க வேண்டும் என்பது வெளிநாட்டு மருந்துத் தரநூல்களின் கணக்கு. நிறத்தைப் பார்ப்பது முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன். கடும் வெயிலில் காய்ந்த இலை வெளுத்துப்போகும், தரமும் குறையும். ஆனால் முற்றின இலையும் பச்சையாகத்தான் இருக்கிறது. இளம் இலையில்தான் சத்து அதிகம். பருவம் பார்த்துப் பறித்தவருக்கும் தாமதமாகப் பறித்தவருக்கும் ஒரே விலை என்றால், பருவம் பார்த்துப் பறிக்க யாருக்கு மனம் வரும்?

இந்தச் சத்து செய்யும் வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். 1941-இல் ஆர்தர் ஸ்டோல் என்ற சுவிஸ் வேதியியலாளரின் குழுவினர் சென்னோசைடு ஏ, பி இரண்டையும் பிரித்தெடுத்தார்கள். வயிற்றிலும் சிறுகுடலிலும் இது பெரிதாக எதுவும் செய்வதில்லை. பெருங்குடலுக்குப் போன பிறகு அங்குள்ள பாக்டீரியாக்கள் இதிலுள்ள சர்க்கரைப் பகுதியை வெட்டிவிட்டு ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. குடலை அசைப்பது அதுதான். இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். நிலவாகைச் சூரணத்தை ராத்திரி படுக்கும்போது போடு என்று என் மாமியார் சொல்வதன் காரணம் இதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இருக்கிறது. வலிக்கு மார்பின் எடுக்கும் புற்றுநோயாளிகளுக்கு வரும் மலச்சிக்கலுக்கு அதைக் கொடுக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் விளையும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டினும் அதே பட்டியலில் உண்டு. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து அது. நித்தியகல்யாணி இலை சர்க்கரை நோயைக் குறைக்கும் என்ற ஜமைக்கா நாட்டு வழக்கத்தைக் கேட்டுத்தான் கனடாவில் நோபிள், பீர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆய்வைத் தொடங்கினார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, ரத்த வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைப் பின்தொடர்ந்துதான் 1958-இல் அதே செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தைக் கண்டார்கள். இதை அறிந்த பிறகும் எங்கள் தெருவில் சர்க்கரைக்கென்று நித்தியகல்யாணிப் பூவையும் இலையையும் கொதிக்க வைத்துக் குடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. அளவு தெரியாமல் குடிக்கக்கூடிய செடியே அல்ல அது.

அவுரிக்கும் இது பொருந்தும். உடல் மெலியும் பொடி என்று கடைகளில் தொங்கும் பாக்கெட்டுகளில் பலவற்றில் இந்த இலை இருக்கிறது. இறங்குவது கொழுப்பு இல்லை, உடம்பின் நீர்தான். மாதக்கணக்கில் தின்றால் பொட்டாசியம் குறையும். இதய மருந்தோ, நீர் பிரிய மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவர் சொன்னால் ஒழிய ஓரிரு வாரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. எத்தனை பாக்கெட்டில் இந்த வரி அச்சாகியிருக்கிறது?

இலைக்குள் எவ்வளவு சத்து இருக்கிறது என்பது விளைவிக்கும் எங்களுக்கும் தெரியவில்லை, பொடியாக வாங்கித் தின்பவருக்கும் தெரியவில்லை. நடுவில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிகிறது. ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இருக்கின்றன. ஏதாவது ஓர் இடத்தில், இலையின் சத்தைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி ஒன்றும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, சென்னோசைடு சதவீதத்தை எழுதிச் சீட்டுக் கொடுக்கட்டும். அதற்குக் கட்டணம் வைத்தாலும் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கட்டிக்கொள்வோம். தை மாதப் பறிப்புக்கு முன்னால் மாவட்ட நிர்வாகமும் வேளாண் துறையும் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அவுரி விவசாயி,
கடலாடி வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.