செயலாளர் ஆண்டறிக்கை: கிராண்ட், கிரெடிட் ஆறுகளில் வசந்தகால ட்ரவுட்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

சங்கத்தின் இவ்வாண்டுப் பணி முழுவதும் வசந்தகால ஃபிளைத் தூண்டில் பயிற்சியையே, அதாவது பூச்சி போலக் கட்டிய கொக்கியால் (ஃபிளை) ட்ரவுட் மீன் பிடிக்கும் பயிற்சியையே, சுற்றி நடந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

ஒன்ராறியோவின் இப்பகுதி ஆறுகளில் பிரவுண், புரூக் ட்ரவுட் பிடிக்கும் பருவம் ஏப்ரல் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை தொடங்கி செப்ரெம்பர் 30இல் முடிகிறது. பயிற்சிக்கு இரண்டு இடங்களைத் தெரிந்தோம். ஒன்று, ஃபெர்கஸ், எலோரா ஊர்களை ஒட்டி ஓடும் கிராண்ட் ஆறு. 1942இல் கட்டப்பட்ட ஷாண்ட் அணை பெல்வூட் ஏரியின் அடியிலுள்ள குளிர்நீரைத் திறந்துவிடுகிறது. கோடையிலும் பிரவுண் ட்ரவுட் அங்கே உயிரோடு இருப்பதற்கு அந்தத் தண்ணீரே காரணம். மற்றது கிரெடிட் ஆற்றின் மேற்பகுதி. இந்த மண்ணுக்கே உரிய புரூக் ட்ரவுட் அங்கே இன்னும் உண்டு. இரண்டு ஆறுகளிலும் சில பகுதிகளுக்குத் தனி விதிகள் இருப்பதால், போகும் பகுதிக்குரிய விதியை முதல்நாளே வாசித்துவிடுங்கள். நுனியருகே உள்ள எதிர்முள்ளை நசுக்கிய ஒற்றைக் கொக்கியைச் சங்கம் எங்கும் கட்டாயமாக்கியுள்ளது. குறட்டால் ஒருமுறை அழுத்தினால் போதும்.

தண்ணீருக்குள் முதலில் இறங்கவேண்டியது வெப்பமானி. 5, 6 பாகை செல்சியஸில் மீன் அடித்தரையை விட்டு எழும்பாது. அப்போது 14 அல்லது 16ஆம் இலக்க (இலக்கம் கூடக் கொக்கி சிறிதாகும்) ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை, அதாவது நீரடிப் பூச்சிக்குஞ்சு போன்ற ஃபிளையை, அடியில் ஓடவிடவேண்டும். மிதப்புக்கும் நிம்ஃபுக்கும் இடைத்தூரம் நீராழத்தின் ஒன்றரை மடங்கு. நிம்ஃபுக்கு ஒரு சாண் மேலே சிறு ஈயக்குண்டு. கொக்கி இடைக்கிடை கல்லில் தட்டவேண்டும். ஒருமுறைகூடத் தட்டவில்லையென்றால் அது மீனின் தலைக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறது; இன்னொரு குண்டைச் சேருங்கள். மிதப்பு நின்றாலும் தயங்கினாலும் உடனே தடியை உயர்த்துங்கள். யோசிப்பதற்குள் மீன் துப்பிவிடும்.

தண்ணீர் 10 பாகையைத் தாண்டியதும் ஆற்றின் முகமே மாறும். ஏப்ரல் கடைசி முதல் மே நடுப்பகுதி வரை, பிற்பகல் 2 மணியிலிருந்து ஹென்றிக்சன் எனும் மேஃபிளைப் பூச்சிகள் நீர்மேல் விரியும். 12 அல்லது 14ஆம் இலக்க, நீர்மேல் மிதக்கும் உலர் ஃபிளை அதற்குச் சரி. மப்பும் தூறலுமான நாளென்றால் 18ஆம் இலக்க நீலச்சிறகு ஆலிவ் ஃபிளை. கொக்கி இலக்கத்தை மூன்றால் வகுத்தால் டிப்பெட்டின் (ஃபிளையைக் கட்டும் மெல்லிய நுனிநூல்) தடிப்பைக் குறிக்கும் எக்ஸ் இலக்கம் கிட்டத்தட்ட வரும்: 14க்கு 5எக்ஸ், 18க்கு 6எக்ஸ்.

பயிற்சிகளில் மிகுதியாகக் கண்ட பிழையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மீன் எடுக்காவிட்டால் அங்கத்தவர்கள் ஃபிளையை மாற்றுகிறார்கள்; பெட்டி முழுவதும் மாற்றிப் பார்த்தபின் ஆற்றைக் குறைசொல்கிறார்கள். குற்றம் பெரும்பாலும் இழுவையில்தான் இருக்கிறது. உங்களுக்கும் மீனுக்கும் நடுவே வேகநீர் ஓடுகிறது. அதன்மேல் கிடக்கும் நூல், மெதுநீரில் மிதக்கும் ஃபிளையை முந்திக்கொண்டு இழுக்கிறது. ஃபிளைக்குப் பின்னால் சிறு கோடு விழுந்தாலே பிரவுண் ட்ரவுட் திரும்பிவிடும். நூல் நீரைத் தொட்டவுடன், இழுவை தொடங்குமுன், தடி நுனியால் நூலின் வயிற்றை (வளைந்த நடுப்பகுதியை) மேலோட்டப் பக்கம் தூக்கிப் போடுங்கள். இழுபட்டபின் போடுவது வீண். அதைவிட நல்லது நாலடி கிட்டப்போய், இடையிலுள்ள நீரோட்டங்களைக் குறைப்பது. டிப்பெட்டை 60 சென்ரிமீற்றரிலிருந்து 90 ஆக நீட்டினாலும் ஃபிளை சற்று நேரம் கூடுதலாகச் சுதந்திரமாக மிதக்கும்.

முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்து உராயும் நைலோன் அங்கேயே பலம் இழக்கும். லீடரில், அதாவது தூண்டில்நூலுக்கும் ஃபிளைக்கும் இடையிலுள்ள மெல்லிய நூலில், தானாக விழும் காற்றுமுடிச்சைக் கண்டால் அவிழ்க்கவேண்டாம், வெட்டிக் கட்டுங்கள்.

கால் வைக்கும் இடம் பற்றி நிர்வாகசபைக்கு உண்மையான கவலை உண்டு. இலையுதிர்காலத்தில் இட்ட முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் ஏப்ரலிலும் சரளைக்கல்லுக்குள் கிடக்கும். வானவில் ட்ரவுட் முட்டையிடுவதே வசந்தத்தில்தான். சுற்றியுள்ள கல் பாசியோடு கறுத்திருக்க, ஓரிடம் மட்டும் வெளுத்துச் சுத்தமாகத் தெரிந்தால் அது முட்டைக்குழி. அதைச் சுற்றிப் போங்கள். பிடித்த மீனை ஈரக்கையால் மட்டுமே தொடவேண்டும். உலர்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்தால் அங்கே பூஞ்சணம் பிடிக்கும்.

அணை திறக்கும் அளவு மாறும்போது கிராண்ட் ஆற்றின் மட்டமும் மாறும். புறப்படுமுன் கிராண்ட் ஆற்றுப் பாதுகாப்பு அதிகாரசபை வெளியிடும் நீரோட்ட அளவைப் பாருங்கள். வேடர் (நீருக்குள் இறங்க அணியும் நீர்புகாக் காற்சட்டை) அணிந்தால் இடுப்புப்பட்டி கட்டாயம். பட்டியில்லாமல் விழுந்தால் வேடருக்குள் பனிநீர் நிரம்பிவிடும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுச்சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்