மயில் கழுத்தும் கடலை மிட்டாயும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடலை மிட்டாய்க்கு நீ அனுப்பிய அட்டைப்பெட்டி டிசைன் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் அம்மா. கண்புரை முற்றி, ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. நன்றாக இருக்கிறாள், உன்னையும் விசாரித்தாள். கட்டுப் பிரித்த மறுநாள் பீரோவைத் திறந்து தன் காஞ்சிபுரம் புடவையை மடியில் போட்டுக்கொண்டு, "இத்தனை நாளா இதப் பச்சைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன், இவ்வளவு நீலமாடா?" என்றாள். புரை பழுப்பேறினால் நீலத்தைத்தான் அதிகம் வடிகட்டிவிடுமாம். டாக்டர் சொன்னார்.

மயில் கழுத்து நிறப் புடவை அது. நீளவாட்டு நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை ஒரு நிறம். இப்படித் திருப்பினால் பச்சை, அப்படி மடித்தால் நீலம். கரை அரக்கு. முந்தானை மாம்பழ மஞ்சள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற புடவைதான். ஆனால் உன் டிசைன் மேஜையில் கிடந்ததால், அன்றைக்குத்தான் தொழில்காரன் கண்ணோடு பார்த்தேன். நீ எடுத்திருப்பதும் ஏறக்குறைய அதே மூன்று நிறம்தானே!

நிறத் தேர்வில் குறையே இல்லை. கோளாறு பங்கீட்டில். பங்காளிகள் சொத்துப் பிரித்த மாதிரி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறாய். சிவப்பும் நீலப்பச்சையும் சம அளவில் முட்டிக்கொண்டு நிற்க, மஞ்சள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முழிக்கிறது. புடவையில் அப்படியா இருக்கிறது? ஐந்தரை மீட்டரில் பெரும்பகுதி குளிர்ச்சி. இரண்டு ஓரத்தில் சூடு. மஞ்சளுக்கு முந்தானை மட்டும்.

அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுத் தறியில் கோர்வை போடுவதை, அதாவது உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்வதைப் பார்த்தேன். ஊடை நூலைக் குறுக்கே ஓட்டுகிற கட்டைக்கு நாடா என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. நெசவாளர் தறிக் குழிக்குள் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தார். ஒவ்வொரு வரியிலும் உடல் நூலும் கரை நூலும் கோத்துக்கொள்கின்றன. இந்த இரண்டு நிறமும் அடித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். "அடிச்சுக்கும். அதான் நடுவுல ஜரிகைய விடறோம்" என்றார். உன் பெட்டியிலும் சிவப்பு நீலப்பச்சையைத் தொடும் இடத்தில் அட்டையின் வெள்ளையிலேயே ஒரு கோடு விட்டுவிடு. மெல்லியதாக வேண்டாம், இரண்டு மில்லிமீட்டர் இருக்கட்டும். சிவகாசியில் அச்சடிக்கும்போது ரெஜிஸ்டர், அதாவது ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் உட்காரும் இடம், கொஞ்சம் நகர்ந்தாலும் தெரியாது. கோடில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அந்த இடம் அழுக்குக் கறுப்பாகிவிடும்.

பாரிஸில் கோபலின் என்று பழைய திரைச்சீலை நெசவுக்கூடம். அங்கே சாயப் பிரிவுக்கு 1824இல் செவ்ரோல் என்கிற வேதியியல்காரர் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குற்றமே இல்லை! பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பை வெளுக்கக் காட்டியிருக்கிறது. இதையே நோண்டி 1839இல் பெரிய புத்தகமே போட்டார். மனுஷர் 102 வயது வரை இருந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் பெட்டியில் நாலாவதாக ஒரு நிறம் இருக்கிறது, நீ அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கடலை மிட்டாய்! ஜன்னல் வெட்டி உள்ளே தெரிய வைத்திருக்கிறாய், சரி. ஆனால் அந்த வெல்லப் பாகு நிறத்தைச் சுற்றிச் சிவப்பைப் போட்டால் மிட்டாய் செத்துப்போகும். நீலப்பச்சையைப் போட்டுப் பார், பாகு பளபளவென்று சிவந்து நிற்கும். சூட்டைச் சரக்கே கொண்டுவருகிறது. அதனால் பெட்டியில் பாதிக்கு மேல் நீலப்பச்சை, அடுத்து மஞ்சள், சிவப்பு பெயருக்குக் கீழே பட்டையாக மட்டும்.

சிவப்புதான் தூரத்தில் தெரியும் என்று நீ சண்டைக்கு வருவாய். வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்த சுவரொட்டியைப் பார்த்திருக்கிறாயா? சிவப்பும் மஞ்சளும் ஓடிப்போய் எல்லார் முகமும் நீலம் பாரித்திருக்கும். உன் பெட்டி மளிகைக் கடை வாசலில் வெயில் படத்தானே அடுக்கியிருக்கும்?

அப்புறம் எழுத்து. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த சேதியை நீலப்பச்சை மேல் சிவப்புப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறாய். கண் கூசுகிறது, வாசிக்க முடியவில்லை. நானும் இதே தப்பைச் செய்தவன்தான். ஒரு மருந்துக் கடைக்கு நீலத்தில் சிவப்பு எழுத்துப் பலகை போட்டுக் கொடுத்தேன். முதலாளி இரண்டே நாளில் கழற்றி வீட்டுக்கே அனுப்பிவிட்டார். இப்போது அது மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. உன் டிசைனை போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பார். சிவப்பும் நீலப்பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரியும். மஞ்சள் மட்டும் பளிச்சென்று நிற்கும். எழுத்தை மஞ்சளில் போடு.

பெட்டியின் சரியான அளவை அனுப்பு, நானே மாற்றித் தருகிறேன். அச்சுக்குப் போவதற்கு முன் மாதிரி ஒன்றும் வேண்டும். அம்மாவுக்கு அடுத்த கண் ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை. புதுக் கண்ணால் ஒரு தடவை, பழைய கண்ணால் ஒரு தடவை அவளிடம் காட்டிக் கேட்கப் போகிறேன். கூடவே மிட்டாயும் வரட்டும், தூள் மிட்டாயாக. அவளுக்குக் கடிக்கப் பல் இல்லை.

அன்புடன்,
உன் பழைய கடைசி பெஞ்சுக்காரன்