சாமக் கொடைக்கு முன்னால் கிளம்பிவிடு

எய்யா,

சுடலை கோயில் சித்திரைக் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டியாகிவிட்டது. நம் தலைக்கட்டு வரியையும் அப்பா கட்டிவிட்டார். நீ வருவாயா என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. வர வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் குடியை விடும் சிகிச்சை முடிந்தபின் உனக்கு இது முதல் கொடை. அதனால் சில விஷயங்களை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவோம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் பையில் கிடக்கும்.

வெள்ளிக்கிழமை மதியக் கொடையை இருந்து பார். வில்லுப்பாட்டைக் கேள். நடுராத்திரியில் நடக்கிற சாமக் கொடைக்கு மட்டும் இருக்க வேண்டாம். சுடலைக்குப் படைப்பில் சுருட்டோடு பாட்டிலும் வைப்பார்கள், உனக்குத் தெரியாததில்லை. பூஜை முடிந்ததும் அது கை மாறும். "சாமிக்கு வச்சதுதானே, ஒரு மடக்கு குடிச்சா குத்தமில்ல" என்று நீட்டுகிறவன் உன்னோடு பள்ளிக்கூடம் போனவனாக இருப்பான், இல்லாவிட்டால் மச்சான் முறைக்காரனாக இருப்பான். அசலாரிடம் வேண்டாம் என்பது சுலபம், சொந்தக்காரனிடம்தான் வாய் வராது. அதனால் அந்த இடத்திலேயே நிற்காதே. ஆறு மணிக்கு அம்பாசமுத்திரம் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிடு, அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பூசாரியிடமும் பேசிவிட்டேன். மறுநாள் காலையில் வந்து திருநீறு வாங்கிக்கொள்ளட்டும், சாமி கோபிக்காது என்றார். சாமியாடுகிற கோமரத்தாடி என்ன சொல்வாரோ என்று அப்பாதான் யோசிக்கிறார். யோசிக்கட்டும்.

நீ போடுகிற டைசல்ஃபிராம் மாத்திரை அப்படிப்பட்டது. ஒரு மடக்கு உள்ளே போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆகிவிடும். ஊருக்கு வருகிறோமே என்று இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்றும் எண்ணாதே. கடைசி மாத்திரைக்கு அப்புறமும் இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேகம் உடம்பில் இருக்கும் என்று டாக்டர் என்னிடமே சொன்னார். யாராவது வற்புறுத்தினால் "மாத்திரை சாப்பிடுறேன், ஒத்துக்காது" என்று சொல். அது உண்மையும்கூட, அதற்கு மேல் யாரும் நோண்ட மாட்டார்கள். பெரியம்மா பசியெடுக்க நல்லது என்று அரிஷ்டம் ஊற்றித் தருவாள். அது புளிக்கவைத்து எடுப்பது, அதிலும் ஆல்கஹால் உண்டு, தொடாதே. இருமல் டானிக் வாங்கினாலும் லேபிளைப் படித்துவிட்டு வாங்கு.

பதநீர் குடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கி, விடிந்ததும் குடித்தால் அது பதநீர். சுண்ணாம்பு குறைந்தாலோ வெயில் ஏறினாலோ நுரை கட்டி, புளிப்பு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் அது கள்தான். மோந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். அந்த வாடைதான் உனக்கு ஆகாது. இந்த வருஷம் நுங்கோடு நிறுத்திக்கொள்வோம்.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற உங்கள் ஏ.ஏ. கூட்டத்தில் பசி, கோபம், தனிமை, அசதி நாலையும் கவனிக்கச் சொல்கிறார்கள் என்றாய். கோபத்துக்கும் தனிமைக்கும் என்னிடம் மருந்து கிடையாது. பசியைப் பற்றி எனக்குத் தெரியும், சத்துணவுக்கூடத்தில் இத்தனை வருஷம் அதைத்தானே பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளை பதினோரு மணிக்குப் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளும், பென்சிலைப் பிடுங்கி எறியும். சோறு போட்டால் அரை மணியில் வேறு பிள்ளையாகிவிடும். மதியம் நாலு வாய் தின்றுவிட்டு, வேலை முடிந்து டாஸ்மாக் இருக்கும் ரோட்டில் நடந்து வரும்போது நீயும் அந்தப் பிள்ளைதான். ஐந்து மணிக்கே சுண்டலோ இரண்டு பழமோ சாப்பிட்டுவிட்டு இறங்கு. வேறு ரோடு சுற்றுவழி என்றால் சுற்றியே போ. கொஞ்ச நாளைக்கு இனிப்பு கேட்கத்தான் செய்யும், கருப்பட்டிக் காபி போட்டுக்கொள். சாயங்காலத்துக்கு மேல் மட்டும் காபி வேண்டாம், ஏற்கெனவே தூக்கம் இல்லை என்கிறாய். குடியை விட்டவர்களுக்குத் தூக்கம் நேராகச் சில மாதம் ஆகுமாம், பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழுந்திரு. வந்தால் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து போடுகிறேன். தொலி உளுந்தில் பி1 சத்து உண்டு, குடிக்கிறவர்கள் உடம்பில் குறைவது அதுதான். அதற்காக டாக்டர் கொடுத்த பி1 மாத்திரையை விட்டுவிடாதே.

குடிக்க வேண்டும் என்று உள்ளே கிளம்பினால் உடனே மணியைப் பார். பெரும்பாலும் கால் மணி, அரை மணிக்குள் ஏறி இறங்கிவிடும். அந்த நேரத்தைக் கழிப்பதுதான் வேலை. தண்ணீர் குடி, வெளியே நட, யாரிடமாவது பேசு. வைராக்கியத்தை நம்பி அறைக்குள் உட்கார்ந்துகொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேரும் குடியில் அழிந்தவர்கள், ஒருவரோடொருவர் பேசியே தப்பித்ததில்தான் உங்கள் ஏ.ஏ. பிறந்தது என்று நீதானே சொன்னாய். ஏ.ஏ.வில் உனக்குத் துணையாக இருக்கிற உன் ஸ்பான்சரைக் கூப்பிடு. அவர் எடுக்காவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446 இருக்கிறது, மனசு ரொம்பக் கெட்டால் மனநல உதவி எண் 14416. இரண்டையும் போனில் பதிந்து வை. எந்த ராத்திரியானாலும் என்னையும் எழுப்பலாம்.

ஒருவேளை தவறிவிட்டால் மறைக்காதே, அன்றைக்கே சொல். ஒளித்து வைத்த ஒரு நாள்தான் ஒரு வாரமாக நீளும்.

உன்னைப் பார்த்து சின்ன மாமாவுக்கும் விட ஆசை வந்திருக்கிறது. நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று சுடலை மேல் சத்தியம் பண்ணப் போனார், நான்தான் தடுத்தேன். விடிந்ததிலிருந்து குடிக்கிற உடம்பு, திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். முதலில் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீ வந்தால் அவரோடு அரை மணி பேசு. நான் சொன்னால் அவருக்கு ஏறாது.

நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால் திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டை வண்டியைப் பிடி. மாத்திரையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வை. எந்த வண்டி என்று அப்பாவுக்குச் சொல்லிவிடு, கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனுக்கு அவர் வருவார்.

அம்மா