அதே 377, இன்னொரு நாட்டில்

ஆசிரியருக்கு வணக்கம்.

முப்பது வருடமாக மாட்டுங்காவில் இருக்கிறோம். என் மகன் தன்பாலீர்ப்பு உள்ளவன். 2018 செப்டம்பர் 6 அன்று, தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் என்னிடமே சொன்னான். பெற்றவளிடம்கூட வாய் திறக்க விடாமல் அத்தனை வருடம் அவனை அடைத்து வைத்திருந்தது, அந்த உறவைக் குற்றமாக்கிய 377 என்ற ஒரு சட்டப் பிரிவு. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இப்போது வேலைக்காக அவனைக் கோலாலம்பூர் போகச் சொல்கிறார்கள். அங்கே ஆங்கிலேயர் விட்டுப்போன அதே 377 இன்னும் இருக்கிறது: இருபது ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. இலங்கையில் அதே மாதிரியான 365ஏ பிரிவு நீடிக்கிறது. உகாண்டா 2023-இல் மரண தண்டனை வரை போய்விட்டது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022-இல் 377ஏ பிரிவை நீக்கியது. மற்றவர்களால் ஏன் முடியாது?

தன்பாலீர்ப்பை மேல்நாட்டுப் பழக்கம் என்கிறார்கள் எங்கள் சொந்தக்காரர்கள். மேல்நாட்டிலிருந்து வந்தது அந்தச் சட்டம்தான்.

மலேசியாவிலும் இலங்கையிலும் உள்ள நம் தமிழர்கள் இந்தச் சட்டங்களை நீக்கும்படி தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். நாம் இங்கிருந்து அவர்களுக்குத் துணையாகப் பேச வேண்டும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மாட்டுங்கா, மும்பை