பேசிய தொகை கைக்கு வர வேண்டும்

சிங்கப்பூரில் கர்நாடக இசைக் கச்சேரி நடத்தும் அமைப்புகளுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும்,

அன்புடையீர், வணக்கம்.

சென்னையிலிருந்து வரும் கலைஞர்களைச் சாங்கி விமான நிலையத்தில் வரவேற்பதும், கச்சேரி முடிந்தபின் அங்கேயே கொண்டுபோய் விடுவதும் பல ஆண்டுகளாக என் தொண்டூழியம். வரும்போது கலகலப்பாகப் பேசுகிறவர்களில் சிலர் போகும்போது வாய் திறப்பதில்லை.

அப்படி ஒரு பயணத்தில், மிருதங்கம் வாசித்த இளைஞர் காரிலேயே உறையைப் பிரித்தார். ஐம்பது சிங்கப்பூர் வெள்ளி நோட்டுகள் 17. இரண்டாம் முறையும் எண்ணிவிட்டு, "ஆயிரம் என்றுதானே சொன்னார்கள், அண்ணா?" என்றார். வரி பிடித்திருந்தார்கள். வெளிநாட்டுக் கலைஞரின் ஊதியத்தில் வரி பிடித்து உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குச் செலுத்துவது, பணம் கொடுப்பவரின் சட்டக் கடமை. 2022 மார்ச் வரை 10 விழுக்காடு, அதன்பின் 15. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பேசும்போது அதைச் சொல்லவில்லை. உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. யாரோ கையாடிவிட்டார்கள் என்று அவர் நினைத்திருந்தால் அது அவர் தவறா?

வரி போகக் கையில் எவ்வளவு வரும் என்பதை அழைக்கும்போதே எழுத்தில் கொடுங்கள். பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். மொத்தத் தொகையைப் பாடகரிடம் நீட்டி, "நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்" என்றால், அவருக்கும் சங்கடம், கடம் வாசிப்பவருக்கோ கேட்கவும் கூச்சம்.

வாடகையை மிச்சம் பிடிக்க, கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்புதான் அரங்கைத் திறக்கிறோம். வெளியே புழுக்கம், உள்ளே ஏசி குளிர். விடுதி அறையில் கல்லும் கட்டையும் கொண்டு தட்டித் தட்டிச் சேர்த்த மிருதங்கத்தின் சுருதி இங்கே நிலைகொள்ளாது. தோல் அரங்கக் குளிருக்குப் பழக நேரம் வேண்டும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவை பிசைந்து அப்பக் கொஞ்சம் தண்ணீர் கேட்டு, ஒரு மூத்த வித்வான் மேடைக்குப் பின்னால் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் கூடுதல் வாடகையைப் பூமாலைச் செலவில் குறைத்துக்கொள்ளலாம். தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லிவிட்டு, பொன்னாடைக்கு இருபது நிமிடம் ஒதுக்குவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். கேட்காமல் கச்சேரியைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவதும் வேண்டாம்.

கலைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். விமானச் சீட்டும் அனுமதியும் எடுத்து அழைத்த அமைப்பின் மேடைக்கு முன்னால், அதே வாரத்தில் தெரிந்தவர் வீட்டுக் கச்சேரியை ரகசியமாக ஒப்புக்கொள்ளாதீர்கள். அறிவித்த வயலின்காரர் வரவில்லை என்பதை விமான நிலையத்தில் வைத்துச் சொல்லாதீர்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில், மண்டப அலங்காரத்தைப் பற்றிப் பேசும் முன் இதைப் பேசுங்கள். ஒப்பந்தத் தாளைத் தமிழில் எழுதித் தரவும், கச்சேரியன்று அரங்கை முன்னதாகத் திறந்து காத்திருக்கவும் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தொண்டூழியன்