மை லார்டுக்கு ஒரு மனு

அன்புள்ள மை லார்டுக்கு,

நான் நலம். நீயும் அண்ணனும் குட்டியும் நலம்தானே? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக்கோடு கதை முடிந்துவிடும் என்பதால் பேனாவை எடுத்தேன். வழக்குக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாய், தெரியும். ஆனாலும் இதை நிதானமாகப் படி. ஒரு சந்தோஷச் செய்தி இருக்கிறது. கூடவே நீ செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. வேலையைக் கடைசியில் சொல்கிறேன், இல்லாவிட்டால் இங்கேயே கடிதத்தை மடித்துவிடுவாய்.

முதலில் நாம் படித்த, இப்போது நான் பாடம் நடத்தும் நம் சட்டக் கல்லூரியின் கதைகள். நம் ‘சைட்டேஷன்’ சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்கிறான், போனில் பேசினால் இன்னமும் பாராவுக்கு ஒரு தீர்ப்பு சொல்கிறான். விடுதி மாடியில் நாம் உட்காரும் தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டார்கள். வார்டன் அக்கா உன்னை விசாரித்தார். “அந்த ராத்திரி பாட்டுக்காரி எப்படி இருக்கா?” என்றுதான் கேட்டார், பெயர் சொல்லவில்லை. சரி, போகட்டும்.

இந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான மூட் கோர்ட்டை, அதாவது மாதிரி நீதிமன்றப் போட்டியை, நாங்களே நடத்தினோம். அந்தரங்க உரிமை பற்றிய கேள்வி என்பதால் வந்த அணிகளெல்லாம் அது அடிப்படை உரிமை என்று சொன்ன 2017ஆம் ஆண்டு புட்டசாமி தீர்ப்பின் ஒன்பது நீதிபதிகளையும் மாறி மாறித் துணைக்கு அழைத்தன. எங்கள் பெண் ஒருத்தி சிறந்த பேச்சாளர் பரிசு வாங்கினாள். அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். நீதிபதி குறுக்கே கேள்வி கேட்டதும் அரை நொடி நின்று, “அதற்கு முன் ஒரு விவரத்தைத் தெளிவுபடுத்த அனுமதியுங்கள்” என்று ஆரம்பித்தாள் பார், எனக்கு உன்னைத்தான் பார்த்த மாதிரி இருந்தது. உனக்கு ‘மை லார்ட்’ என்று பட்டப்பெயர் வாங்கித் தந்த அந்தச் சம்பவத்துக்கு முன்னால் இருந்த நீ!

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது மூட் கோர்ட்டைப் பற்றி இல்லை. நம் சட்ட உதவி மையத்தைப் பற்றி.

ஞாபகம் இருக்கிறதா, மாடிப்படிக்குக் கீழே, எப்போதும் பூட்டியிருக்கும் அந்த அறை? பெயர்ப் பலகை மட்டும் பளபளவென்று இருக்கும். சட்டக் கல்லூரிகளை மேற்பார்க்கும் பார் கவுன்சில் ஆய்வுக்கு வரும் நாளில் திறந்து, தூசி தட்டி, நாலு நாற்காலி போடுவார்கள். அதன் பொறுப்பை இந்த வருஷம் என் தலையில் கட்டினார்கள். சாவியை வாங்கித் திறந்தால், பீரோவில் ஒரு தடித்த கோப்பு. முன்பு நடந்த முகாம்களில் மக்கள் கொடுத்த மனுக்கள். பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்றிதழ், நின்றுபோன முதியோர் உதவித்தொகை, குடிக்கிற கணவன். சிலது பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள். ஒன்றில் கையெழுத்துக்குப் பதில் கைரேகை, மை இன்னும் மங்கவில்லை. எல்லாவற்றின் மேலும் நம் கல்லூரி முத்திரை, பெற்ற தேதி. அவ்வளவுதான். யாரும் ஒரு வரி பதில் எழுதவில்லை. முகாமில் எடுத்த போட்டோக்கள் மட்டும் ஆண்டு மலரில் கலரில் வந்திருக்கின்றன.

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். முத்திரை குத்தி வாங்கிய மனுவை அந்த மனுஷி வீட்டில் உட்கார்ந்து நம்பிக்கொண்டிருப்பாளே! “காலேஜ்காரங்க வாங்கிட்டுப் போயிருக்காங்க, வந்துரும்” என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பாளே! வேறு கதவைத் தட்டியிருக்க வேண்டிய மாதங்களை நாம் தின்றுவிட்டோம். முகாமே போடாமல் இருந்திருந்தால்கூட அவளுக்கு இந்த நஷ்டம் இல்லை.

அந்த வாரம் வகுப்பில் ஹுசைனாரா காத்தூன் வழக்கு நடத்தினேன். 1979, பீகார் சிறைகள், விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்காக அடைபட்டுக் கிடந்தவர்கள், பத்திரிகையில் வந்த செய்தியை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் போன வக்கீல் கபிலா ஹிங்கோரானி. அதற்கு முன்பே, 1976இல், அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தத்தில் 39ஏ பிரிவு வந்துவிட்டது, இலவச சட்ட உதவி அரசின் கடமை என்று. அதையெல்லாம் வழக்கம்போல் சொல்லிக்கொண்டு போகிறேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருக்கிறான், வாய் திறக்கவே மாட்டான். அவன் எழுந்து, “மேம், அவங்க பேப்பர்ல படிச்சதுக்கே கேஸ் போட்டாங்க. நம்மகிட்ட மனுவாவே குடுத்தது கீழ பீரோவில் இருக்குன்னு சொல்றாங்களே?” என்றான். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. அடுத்த வரிக்குப் போக எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலமே மாணவர்கள் சிலர் வந்தார்கள். கோப்பைப் பிரித்து, போன் எண் இருந்தவர்களுக்கெல்லாம் பேசினார்கள். சிலருக்கு வேலை தானாக முடிந்திருந்தது. சிலர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களைச் சனிக்கிழமை வரச் சொன்னோம். அப்படி வந்தவர்தான் அந்தப் பாட்டி.

மஞ்சள் பையில் பத்திர நகலைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். எழுபது தாண்டியவர். வீட்டை மகன் பேருக்கு தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். கொடுத்த பிறகு திண்ணையில் படுக்கை, அப்புறம் அதுவும் இல்லை, இப்போது மகள் வீட்டில். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இதுக்கு எவ்வளவு ஆகும்?” என்பதுதான். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது என்பதைப் பரீட்சையில் அழகாக எழுதும் பிள்ளைகள், அதை அந்த அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் திணறினார்கள். கடைசியில் ஒரு பெண், “காசு எதுவும் வேண்டாம் பாட்டி, சட்டமே அப்படித்தான்” என்றாள். அது போதுமானதாக இருந்தது.

கடைசி பெஞ்சுப் பையன்தான் பத்திரத்தை வாசித்தான். நீயும் நானும் வாசித்திருந்தால் நேராக நிபந்தனைப் பகுதிக்குத் தாவியிருப்போம். அவன் முதல் வரியிலிருந்து சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தான். நான்கெல்லை வந்தது. வடக்கே இன்னார் வீடு என்றதும் பாட்டி குறுக்கிட்டு, “அவுக போய்ச் சேந்துட்டாக, இப்ப மருமகதான் இருக்கா” என்றார். தெற்கே பொதுப்பாதை. “அந்தப் பாதைக்கு இடம் விட்டதே எங்க வீட்டுக்காரருதான்.” நாலு திசையும் முடிவதற்குள் அந்த வீடு எங்கள் கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்துவிட்டார்கள்.

இப்போது உனக்குப் பிடித்த இடம். பத்திரத்தில் “அன்பும் பாசமும் கருதி” என்று இருக்கிறது. கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கேயும் இல்லை. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவை வைத்து இதை ரத்து செய்யக் கேட்கலாமா என்று பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை. ஒரு கோஷ்டி, 2022இல் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது, கதை முடிந்தது என்றது. இன்னொரு கோஷ்டி 2025 ஜனவரியில் வந்த ஊர்மிளா தீட்சித் தீர்ப்பைக் கொண்டுவந்தது, முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று. உடனே முதல் கோஷ்டி, அந்த வழக்கில் பராமரிப்பதாகத் தனியாக எழுதிக் கொடுத்த தாள் இருந்தது, இங்கே அது எங்கே என்று மடக்கியது. அப்போதுதான் நம் சென்னை உயர் நீதிமன்றம் அதே வருஷம் மார்ச்சில் நாகப்பட்டினம் வழக்கு ஒன்றில் சொன்னதை ஒருத்தி தேடிப் பிடித்தாள். அன்பும் பாசமும் கருதிக் கொடுத்ததாக எழுதியிருந்தால், அதற்குள்ளேயே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று. பாட்டியின் பத்திரத்தில் அதே சொற்கள்!

மூட் கோர்ட்டில் இதே பிள்ளைகள் வாதாடிப் பார்த்திருக்கிறேன். இந்தத் தீவிரம் அங்கே இல்லை. எதிரே பாட்டி உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, “மெமோரியல் (எழுத்து வாதம்) நன்றாக வந்திருக்கிறது” என்ற திருப்தியோடு யாராலும் எழுந்திருக்க முடியாது.

மனுவை இரண்டு வாரம் அடித்துத் திருத்தினார்கள். இந்த மனுவை விசாரிப்பது அந்த மூத்த குடிமக்கள் சட்டப்படியான தீர்ப்பாயம், அதாவது ஆர்.டி.ஓ. எனும் வருவாய்க் கோட்டாட்சியர். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது என்பது அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு. டில்லி, கேரள உயர் நீதிமன்றங்கள் அதை வேறு மாதிரி பார்த்திருக்கின்றன, அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் கணக்கு எளிமையானது. அங்கே பாட்டியே பேச வேண்டி வரலாம், அதனால் அவர் பேசுகிற மாதிரியே மனு இருக்க வேண்டும். முதல் வரைவில் “மனுதாரர் மிகுந்த மனவேதனைக்கு ஆளாகி” என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு, எந்த மாதத்திலிருந்து எங்கே படுத்தார், மருந்து யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று எழுதச் சொன்னேன். பத்திர ரத்தோடு மாதாந்திரப் பராமரிப்புத் தொகையும் கேட்டிருக்கிறோம். பாட்டியை அழைத்துப் போய் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினார்கள். மகனுக்கு நோட்டீஸ் போய்விட்டது. பராமரிப்புத் தொகைக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும், பார்ப்போம்.

சந்தோஷம் இதுதான். அந்த அறை இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் திறந்திருக்கிறது. நவம்பர் 9 சட்டப் பணிகள் நாளுக்கு ஊர்வலம், பேனர் எல்லாம் போட வேண்டும் என்றார்கள். போடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முகாமில் வாங்குகிற ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு மாணவர் பெயரும், அந்த அம்மாவோ ஐயாவோ திரும்பி வர வேண்டிய தேதியும் எழுதப்பட்டால்தான் முகாமுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள், ஒத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு ஆதங்கம். பார் கவுன்சிலின் 2008 விதிகளில் மூட் கோர்ட்டுக்கு 30 மதிப்பெண். கட்சிக்காரரிடம் பேசுவது, வழக்கு ஆவணம் தயாரிப்பது, பயிற்சிக் குறிப்பேடு, இதற்கும் அதே 30. ஆனால் ஒன்றுக்கு மேடை, கோப்பை, கோட்டு. மற்றதற்கு சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிய இரண்டு பக்கம். நாமும் அப்படித்தானே எழுதினோம், நம் வரிசையில் எல்லாருமே. கோர்ட்டில் முதல் வருஷம் கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்தபோது என்ன கேட்பது என்று தெரியவில்லை என்று நீ போனில் அழுதது எனக்கு மறக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த அழுகை வேண்டாம் என்று நினைக்கிறேன். அதைவிட, அப்படித் தெரியாத வக்கீல் எதிரே உட்காரும் நிலை அந்தக் கட்சிக்காரருக்கும் வேண்டாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். நான் முழுநேர ஆசிரியை, கோர்ட்டில் நிற்க முடியாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பேசி, பட்டியலில் உள்ள வக்கீல் ஒருவர் வர ஏற்பாடு செய்திருக்கிறேன், நல்ல மனிதர். ஆனால் ஆர்.டி.ஓ. பாட்டி பக்கம் உத்தரவு போட்டால், மகன் உயர் நீதிமன்றத்துக்குத்தான் ஓடுவான். அந்த உத்தரவை எதிர்த்து ரிட் மனு போட்டால் அது மதுரைக் கிளைக்கு, உன் கோர்ட்டுக்குத்தான் வரும். அப்போது பாட்டிக்காக நீ நிற்க வேண்டும். அங்கே உள்ள சட்டப் பணிகள் குழு மூலமாகவே வக்கீலாக நியமனம் வாங்க முடியுமா என்று இப்போதே விசாரித்து வை.

இன்னொன்று, மாதம் ஒரு சனிக்கிழமை இங்கே வா. பிள்ளைகள் எழுதிய மனுக்களை எடுத்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் ஈவு இரக்கமில்லாமல் திருத்து. உன் கையெழுத்தைப் படிக்க முடியாது என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல். கடைசி பெஞ்சுப் பையன் இப்போதெல்லாம் நிறையக் கேள்வி கேட்கிறான், எனக்குப் பாதிக்குத்தான் பதில் தெரிகிறது. மீதி நடைமுறை தெரிந்த ஆள் சொல்ல வேண்டியது.

“சீனியர் விடமாட்டார்” என்று எழுதாதே. உன் சீனியர் முதியோர் வழக்குகளில் எவ்வளவு அக்கறை உள்ளவர் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். இந்தக் கடிதத்தையே அவரிடம் காட்டு, மை லார்ட் பகுதியை மட்டும் மறைத்துக்கொள்.

பத்திர நகலும் மனு நகலும் இதோடு வைத்திருக்கிறேன். ஐந்தாவது பாராவைக் கவனமாகப் பார். நாகப்பட்டினம் தீர்ப்பை நேரடியாகச் சொல்வதா, வாதத்துக்கு வைத்துக்கொள்வதா என்று இன்னும் எங்களுக்குள் தீரவில்லை. வரும் வெள்ளிக்கிழமைக்குள் போன் செய். வாட்ஸ்அப் வேண்டாம்.

அண்ணனுக்கு வணக்கம், குட்டிக்கு முத்தம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்