யோசப் வாஸ் அடிகளாரின் பணிமுறையையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

ஜனவரி 16 புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாள். அதையொட்டி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் வறட்சியில் அவர் செபிக்கக் கண்டியில் மழை பெய்த அற்புதத்தோடு நின்றுவிடுகின்றன. சிலர் அவரைப் போர்த்துக்கேயர் என்றும் இயேசு சபைத் துறவி என்றும் எழுதுகிறார்கள். அவர் 1651இல் கோவாவில் பிறந்த கொங்கணிக்காரர், ஓரட்டோரியன் என்ற வேறொரு சபையின் குரு. எங்கள் திருகோணமலை மறைமாவட்டத்தைப் பொறுப்பேற்க இயேசு சபையினர் வந்தது 1895இல்தான். திருகோணமலைப் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை, பத்திரிகை குழப்பக்கூடாது.

அவர் யாழ்ப்பாணம் வந்த 1687இல், அந்த மண் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைக்குப் போய் 29 வருடம் ஆகியிருந்தது. திருகோணமலைக் கோட்டையும் அவர்களிடமே. கத்தோலிக்கக் குருமாருக்கு முழுத் தடை. பிறப்பும் கலியாணமும் ஒல்லாந்தர் தோம்பில் (பதிவேட்டில்) ஏறாவிட்டால் பிள்ளைகளின் சொத்துரிமைக்கே சிக்கல். அதனால் சனங்கள் வெளியில் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து வேதமும் வீட்டுக்குள் கத்தோலிக்க வேதமுமாக வாழ்ந்தார்கள். இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அடிகளார் கூலியாள் கோலத்தில், கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்டார். பிச்சை போட வந்தவரின் கண் செபமாலையில் தங்குகிறதா என்று பார்ப்பதற்கே அந்தப் பிச்சை.

பூசை இரவில்தான். முதலில் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை), ஞானஸ்நானம், பிறகு பூசை. விடிவதற்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் சுற்றிவளைத்தபோது சனங்கள் பிடிபட்டார்கள், அவர் தப்பினார்.

அவர் போன பிறகு ஊரில் யார் இருந்தார்கள் என்பதே எங்களுக்கு முக்கியம். மூப்பரும் அண்ணாவியாரும் இருந்தார்கள். மூப்பர் சபையைக் கட்டிக்காத்தார். அண்ணாவியார் செபம் சொல்லிக்கொடுத்தார், ஞாயிறு வழிபாட்டை நடத்தினார். சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கும் குருவுக்காகக் காத்திருக்க முடியாது. தண்ணீர் தலையில் ஓட வேண்டும். ஊற்றுகிறவரே பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொன்னால் அது செல்லாது. இந்தச் சின்ன விசயம் தெரிந்த ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் சபையே அறுந்துபோகும்.

கண்டியில் வைசூரி பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டுப்போன நாட்களில், அடிகளாரும் அவருக்கு மருமகன் முறையான கர்வாலியோ சுவாமியும் ஓலைக் குடிசை போட்டுக் கஞ்சி கொடுத்தார்கள், புண் கழுவினார்கள், இறந்தவரை அடக்கம் செய்தார்கள். ஒற்றனென்று அடிகளாரைச் சிறையில் வைத்த கண்டி அரசனே அவருக்கு நகரில் இடம் கொடுத்ததன் காரணத்தை இந்தப் பணியிலும் தேட வேண்டும்.

வருகிற ஜனவரியில் மூப்பர், அண்ணாவியார் பற்றி அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். அடிகளார் பணிசெய்த சில்லாலை, புத்தளம், கண்டி மூன்றையும் குறித்த ஒரு வரைபடமும் கூட வந்தால், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் வெட்டிக் கொப்பியில் ஒட்டிக்கொள்வார்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்கள்,
பாலையூற்று, திருகோணமலை